சுவரில் எழுதிய போதனை: முக்கோணம் முதல் புள்ளி ராஜா வரை

பெல்ஷாத்சாரின் அரண்மனைச் சுவரில் தோன்றிய எழுத்தை வாசித்துப் பொருள் சொல்லத் தானியேல் அழைக்கப்பட்டார். தமிழகத்தின் மருத்துவமனைச் சுவர்களிலும் பேருந்து நிலையங்களிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டுவரும் உடல்நலப் போதனைகளை வாசிக்க எவரும் அப்படி அழைக்கப்பட்டதில்லை. அவை எளியவை, எழுத்துக்கூட்டத் தெரிந்த எவருக்கும் விளங்குபவை என்பதே பொதுவான எண்ணம். எளியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், கவிதையும் புதினமும் எட்டாத வீடுகளையெல்லாம் எட்டிய எழுத்து இதுவே. ஆகவே, இதில் பேசுபவர் யார், யாரை நோக்கிப் பேசுகிறார், யாரைப் பேசவிடாமல் விட்டுவிடுகிறார் என்னும் திறனாய்வுக் கேள்விகளை இதன்மீதும் எழுப்ப வேண்டியுள்ளது. குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணத்தையும், எய்ட்ஸ் தடுப்புக்காக எழுந்த புள்ளி ராஜா விளம்பரத்தையும் இரு பனுவல்களாகக் கொண்டு அம்முயற்சியில் இறங்குகிறோம். திருப்பணியாளர் இதில் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்போருக்கு நம் விடை சுருக்கமானது. இவ்விரு போதனைகளும் திருமண வாழ்வைப் பற்றியவை. அத்திருமணங்களை நடத்திவைப்பவர் நாம்.

பிறப்புக் கட்டுப்பாடு, அரசாங்கம் தமிழகத்தில் கொண்டுவந்து இறக்கிய சரக்கன்று. 1928இலேயே சென்னையில் நவ மால்தூசியக் கழகம் தோன்றிவிட்டது. பெரியார் ஈ.வெ.ரா. கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது நாட்டின் வறுமையை முதற்காரணமாகக் காட்டவில்லை. பெண்ணின் விடுதலையையே காட்டினார். 1930ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டில் ஆங்கிலிக்கன் ஆயர்கள் பல நிபந்தனைகளோடு இவ்விஷயத்தில் கதவைச் சற்றே திறந்தனர். ஈரோட்டின் குரலைக் கேட்க நம் சபையார் பலருக்கு மனமில்லை. லாம்பெத்தின் குரலைக் கேள்விப்பட்டவர் சிலரே.

1952இல் உலக நாடுகளுக்கெல்லாம் முன்னோடியாக இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற ஒருத்தி மறுபடியும் பெறுவதை அவர் ஆங்கிலத்தில் ஒரு சொற்றொடரால் குறித்தார். முன்யோசனையற்ற தாய்மை என அதைத் தமிழாக்கலாம். இச்சொற்றொடரைச் சற்று நின்று நோக்க வேண்டும். முன்யோசனை இல்லாதது தாய்மையாம். தந்தைமையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பின்வந்த காலமெல்லாம் திட்டத்தின் கத்தி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதை இவ்வொரு சொற்றொடரே காட்டிவிடுகிறது.

இனி முக்கோணத்துக்கு வருவோம். 1960களின் பிற்பகுதியில் தீப் தியாகி என்னும் அதிகாரி பரப்பிய தலைகீழ்ச் சிவப்பு முக்கோணமும், அதனுடன் வந்த நான்கு முகங்களும் நம் கண்ணுக்குப் பழகியவை. பிற்காலத்தில் அவற்றோடு சேர்ந்த வாசகம், ‘நாம் இருவர், நமக்கு இருவர்’. சுவர் இலக்கியத்தில் இதனினும் செம்மையான வரியை நாம் கண்டதில்லை. இந்தி மூலத்தில் உள்ள தன்மைப் பன்மைச் சொல் கேட்பவரை உள்ளடக்குகிறதா, விலக்குகிறதா என்பதைக் காட்டாது. தமிழுக்கு ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. எனவே தமிழில் இவ்வாசகம் அரசு குடிமக்களுக்கு இடும் ஆணையாக ஒலிக்கவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நோக்கிப் பேசிக்கொள்வதாக ஒலித்தது. மொழிபெயர்ப்பு மூலத்தை விஞ்சிய அரிய இடம் இது.

ஆனால் வாசகம் பேசியது ஒன்று, நடந்தது மற்றொன்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77ஆம் ஓராண்டில் மட்டும், நாடெங்கும் ஏறத்தாழ 83 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பான்மை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. வட மாநிலங்களின் சினம் தேர்தலில் வெளிப்பட்டது. 1977இல் வந்த அரசு துறையின் பெயரைக் குடும்ப நலம் என மாற்றியது. அத்தோடு ஆண்களை நாடுவதையும் ஏறக்குறைய விட்டுவிட்டது. இன்று தமிழகத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவையோ நூற்றில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை. மக்கள் வழக்கும் இதற்கேற்பச் சுருங்கியது. ‘குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்று’ என்றால் அவள் செய்துகொண்டாள் என்றே பொருள். ‘நாம் இருவர்’ என்று சுவர் சொல்ல, அறுவை மேசையில் படுத்தவர் இருவரில் ஒருவரே.

அந்த நான்கு முகங்களிலும் ஒரு குறை உண்டு. அப்படத்தில் பிள்ளைகள் எப்போதும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமே. இரண்டும் பெண்ணாய்ப் பிறந்த வீட்டுக்கு அப்படத்தில் இடமில்லை. 1986இல் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலைகள் நாடறிந்த செய்தியாயின. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்தது. ஒரு படம் இவ்வளவுக்கும் காரணமென்று சொல்லத் துணியோம். வரதட்சணை முதலிய வலுவான காரணங்கள் பல உள்ளன. எனினும், இரண்டோடு நிறுத்து என்று சொன்ன படமே அவ்விரண்டில் ஒன்று மகன் என்றும் சொல்லாமல் சொல்லிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

முக்கோணத்தின் இன்னொரு பிள்ளை நிரோத். 1968இல் மூன்று பதினைந்து காசு என்ற விலையில் அது கடைக்கு வந்தபோது, தேயிலையும் சோப்பும் விற்ற பெரிய நிறுவனங்களின் முகவர்களே அதையும் ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். பொருளை எத்தனை பேர் வாங்கினர் என்பது வேறு கேள்வி. நம் கருத்துக்கு வேண்டியது அதன் பொருள் அன்று, அதற்கு இருந்த அர்த்தம். அக்காலத்தில் ஆணுறை குடும்பச் சரக்கு. மளிகைப் பட்டியலில் நாணத்தோடு சேர்க்கத்தக்கதாயினும், குடும்பச் சரக்கே. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுநீதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அவ்வாறே. கண்டுபிடிப்பின் பெருமை நம்முடையது. கண்டறியப்பட்டவர்கள் யார் என்பதோ நோயின் முகவரியாகவே நிலைத்துவிட்டது. தொடக்கக் காலச் சுவரொட்டிகள் மண்டையோட்டைக் காட்டி அச்சுறுத்தின. அவற்றைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அச்சம் நோயாளியை ஒளித்ததேயன்றி நோயை ஒழிக்கவில்லை. தமிழக அரசு 1994இல் தனிக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவிய பின்னரே பணி ஒழுங்குபட்டது.

2002இன் இறுதியில் பம்பாய் நகரின் விளம்பரப் பலகைகளில் பல்பீர் பாஷா என்னும் கற்பனை மனிதனுக்கு எய்ட்ஸ் வருமா என்ற கேள்வி தோன்றியது. அடுத்த ஆண்டில் அவன் தமிழகத்தில் புள்ளி ராஜாவாகப் பிறந்தான். பெயர் வைத்தவரைப் பாராட்டுகிறோம். ‘புள்ளி’ என்றால் ஊரில் ஒரு முக்கியமானவர். அதே சொல் புள்ளிவிவரத்தில் ஒரு பெயரற்ற கணக்கு. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் மக்கள் அக்கேள்வியைச் சொல்லிச் சிரித்தனர். அதுவரை வாயில் வராத ஒரு சொல் நாவில் புழங்கியது. இது சிறிய சாதனையன்று. மண்டையோடு செய்ய முடியாததைச் சிரிப்பு செய்தது.

ஆயினும் இலக்கணத்தைப் பாருங்கள். ‘நாம்’ என்ற தன்மை இங்கே மறைந்தது. ‘அவனுக்கு வருமா?’ என்ற படர்க்கை வந்து அமர்ந்தது. கேள்வி கேட்பவனும் கேட்டுச் சிரிப்பவனும் பலகைக்கு வெளியே பத்திரமாக நிற்கின்றனர். நோய் யாரோ ஒரு ராஜாவைப் பற்றிய வம்பு ஆகிறது. பம்பாய் விளம்பரத்தில் அவனுக்கு இணையாக வந்தவள் பாலியல் தொழிலில் இருந்த ஒரு பெண். அவளே நோயின் ஊற்றாகக் காட்டப்பட்டாள் என்று பெண்கள் அமைப்புகள் கண்டித்தன. அக்கண்டனம் நியாயமானதே. நாம் இன்னொன்றையும் சேர்ப்போம். ராஜாவுக்கு வருமா என்று ஊரே கேட்டது. ராஜாவின் மனைவிக்கு வருமா என்று பலகை கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். சென்னையில் சிகிச்சைக்கு வந்த 134 பெண்களைப் பற்றி 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரே ஆணோடு மட்டும் வாழ்ந்தவர்கள் எனக் கண்டது. ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்று மேடைதோறும் முழங்கினோம். அப்பெண்கள் அதை எழுத்துக்கு எழுத்து கைக்கொண்டவர்கள். கற்பு காக்கவில்லை, தாலியே வழியாயிற்று.

அவள் காத்துக்கொண்டிருக்கலாமே என்பார் உண்டு. எப்படி? இரண்டாவது பிள்ளைப்பேற்றோடு அவளுக்கு அறுவை முடிந்துவிட்டது. இனி ஆணுறை கேட்பதற்குக் குடும்பக் கட்டுப்பாடு என்ற கண்ணியமான காரணம் அவளிடம் இல்லை. முக்கோணத்தின் வெற்றியே அக்கதவை அடைத்தது. மிஞ்சிய காரணம் நோய் ஒன்றே. ஆணுறையோ, எய்ட்ஸ் விளம்பரங்களுக்குப் பின், வீட்டுக்கு வெளியே அந்த இடங்களுக்கு உரிய பொருளாக ஆகிவிட்டது. அதை மனைவி கேட்டால், ஒன்று, அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாள். இல்லையேல் தானே ஏறுகிறாள். இரு போதனைகளும் தத்தம் அளவில் சரியானவையே. அவை சந்திக்கும் இடத்தில் நின்றவள் இந்த மனைவி. அவளுக்காக எந்தத் துறையும் ஒரு வாக்கியம் எழுதவில்லை.

வேறு வகையில் எழுதியிருக்க முடியுமா என்பதற்குத் தன்சானியா நாட்டில் ஒரு சான்று உண்டு. அந்நாட்டு வானொலி 1993இல் தொடங்கிய சுவாஹிலி தொடர்நாடகத்தின் பெயரை ‘காலத்தோடு செல்வோம்’ எனத் தமிழில் சொல்லலாம். குடும்பநலமும் எய்ட்ஸ் தடுப்பும் அங்கே ஒரே கதைக்குள் வந்தன. மக்வாஜு என்ற லாரி ஓட்டுநர் வழிநெடுகத் தவறுகிறான். நாடகம் அவனோடு நின்றுவிடாமல் அவன் மனைவி தூனுவைப் பின்தொடர்கிறது. பொறுத்துப் போகிறவளாகத் தொடங்கும் அவள், சிறிது சிறிதாகத் தன் காலில் நிற்கிறாள். ஒப்பீட்டுக்காக தொதோமா பகுதியில் மட்டும் 1995 வரை நாடகம் ஒலிபரப்பப்படவில்லை. ஒலிபரப்பான பகுதிகளில் குடும்பநல முறைகளை மேற்கொண்டவர் தொகை கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். தவறியவன் தண்டனை பெறும் கதையமைப்பு நமக்கு உவப்பாயில்லை. ஆனால் தூனுவுக்குக் குரல் இருந்தது. நாமக்கல் லாரிகளை நம்பி வாழும் நம் நாட்டில் அத்தகைய கதைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 1998இல் சென்னையில் தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்கி, ‘நான்’ என்று சொல்லத் தொடங்கினர். சுவர் சொல்லாத தன்மை ஒருமையை அவர்களே சொன்னார்கள்.

இனி நம் பீடத்தைப் பார்ப்போம். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், அவன் காதில் விழுமாறு அவனைப் பற்றியே படர்க்கையில் பேசி, பாவம் அவனுடையதா, பெற்றோருடையதா என்று விசாரிக்கின்றனர். புள்ளி ராஜாவின் கேள்விக்கும் இக்கேள்விக்கும் உள்ள உறவு நெருங்கியது. இயேசு அந்த விசாரணையைத் தள்ளிவிட்டு அவனிடம் சென்றார். நம் பிரசங்கங்களோ டிசம்பர் முதல் நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில், ரோமர் 6ஆம் அதிகாரத்தின் இறுதி வசனத்தின் முற்பாதியோடு நின்று, யோபுவின் நண்பர்களது வரிசையில் அமர்ந்துகொள்கின்றன. உமிழ்நீரால் இக்கிருமி பரவாது என்பது தெளிவான பின்னும், பொதுப் பாத்திரத்தை எண்ணித் திருவிருந்தில் தயங்குவோர் இருந்தனர். அவர்களுக்கு விளக்கம் தரும் கடமை ஆயருடையது, மருத்துவருடையதன்று.

நிலைமை மாறியுள்ளது. தென் மாநிலங்களில் 15 முதல் 24 வயதுவரையான கர்ப்பிணிப் பெண்களிடையே கிருமி கண்டோர் விகிதம் 2000இல் 1.7 விழுக்காட்டிலிருந்து 2004இல் 1.1 விழுக்காடாகக் குறைந்ததாக 2006இல் ஓர் ஆய்வு கூறிற்று. பாலியல் தொழிலாளரிடையேயும் லாரி ஓட்டுநரிடையேயும் பலர் ஓசையின்றிச் செய்த பணிக்கு அதில் பெரும் பங்குண்டு என்றே எண்ணுகிறோம். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 2017இல் நிறைவேறியது. முறையாக மருந்துண்டு இரத்தத்தில் கிருமி அளவிடமுடியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு வழியே அது பரவுவதில்லை என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. பலகையின் பழைய கேள்விக்கு இவ்வளவு விடைகள் வந்துவிட்டன. ஆனால் இவற்றைச் சொல்லும் சுவர்களைக் காண்பது அரிதாயிருக்கிறது.

திருமணத்துக்கு முன் மணமக்களுக்கு நாம் நடத்தும் வகுப்புகளில் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தை வாசிக்கிறோம். மனைவியின் கடமையை விளக்க அங்கே நேரம் கிடைக்கிறது. கணவனின் உடல்மீது மனைவிக்கும் அதிகாரம் உண்டு என்று பவுல் அதே மூச்சில் கூறும் நான்காம் வசனத்தின் பிற்பாதியை விளக்கும்போது மணி ஆகிவிடுகிறது. சந்தேகத்தின் பேச்சாக அல்லாமல், அந்த அதிகாரத்தின் பேச்சாக ஒரு மனைவி தன் கணவனிடம் எடுத்துச் சொல்லக்கூடிய தமிழ் வாக்கியம் எது என்பதை, வரும் ஆண்டின் மேய்ப்புப்பணி வகுப்பில் மாணவர்களுக்குப் பயிற்சியாகத் தரலாம். அதை எழுதிப் பார்க்கும் மாணவர் ஆணாயிருப்பின், முதலில் தம் மனைவியிடம் அதை வாசித்துக் காட்டட்டும்.