உருளைக்கிழங்குத் தோட்டமும் உணரி வலையமைப்பும்

கம்பியில்லா உணரி வலையமைப்புகள் பற்றிய ஆய்வெழுத்துக்களிற் பெரும்பாலானவை வெற்றிகளையே பேசுகின்றன. அவற்றிடையே, நெதர்லாந்தின் டெல்ஃப்ற் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூன் லாங்கென்டூனும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரை தனித்து நிற்கின்றது. அது ஒரு தோல்வியின் பதிவு.

உருளைக்கிழங்குப் பயிரின் கருகல் நோயை முன்னறியும் நோக்குடன், வயலின் வெப்பத்தையும் ஈரப்பதனையும் அளக்க ஏறத்தாழ நூறு கணுக்கள் நாட்டப்பட்டன. எதிர்பார்த்த தரவுகளில் 2 சதவீதமே வந்துசேர்ந்தது. நிரலைக் கணுவிலிருந்து கணுவிற்குப் பரப்பும் நெறிமுறை ஓயாது இயங்கியமையால் ஒரு கட்டத்தில் மின்கலங்கள் நான்கே நாள்களில் வற்றின. தனித்தனியே நம்பப்பட்ட நெறிமுறைகள் ஒன்றுசேர்ந்தபோது முரண்பட்டன. தவறக்கூடியது தவறியே தீரும் என்னும் மேர்ஃபியின் விதியை ஆசிரியர்கள் தலைப்பிலேயே நினைவூட்டுகின்றனர். அவர்களது நேர்மை போற்றத்தக்கது; எனினும், பிழையான எடுகோள்களின் விளைவை விதியின் விளையாட்டாகக் காட்டுவது பொருந்தாது.

எடுகோள்களின் வேர் வளப் பற்றாக்குறையை மறத்தலாகும். அக்காலத்துக் கணுவான மைக்கா 2இன் நினைவகம் 4 கிலோபைற்று மாத்திரமே. 2003இல் வகுக்கப்பட்ட 802.15.4 நியமத்தில் ஒரு சட்டகம் 127 பைற்றுக்களைத் தாண்டலாகாது. இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்போ 1280 பைற்றுக்களைச் சுமக்கும் இணைப்பை வேண்டுகின்றது. இவ்விடைவெளியை நிரப்ப 2007இல் வகுக்கப்பட்ட முறை பெரிய பொதியைத் துண்டுகளாக்கி அனுப்புகின்றது. ஒரு துண்டு தொலையினும் முழுப்பொதியும் வீணாகும். மீள அனுப்பும் ஒவ்வொரு முறையும் மின்கலத்தின் ஆயுள் குறையும்.

உரும்பிராயின் செம்மண் தோட்டங்களிலும் உருளைக்கிழங்கு விளைகின்றது. ஆனால், இங்கு உணரியின் தேவை நோயைவிட நீரையே சார்ந்தது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் குடிப்பதற்கும் இறைப்பதற்கும் பெரும்பாலும் சுண்ணக்கற் படுகையின் கிணற்றுநீரே கதி. அளவுமீறி இறைத்த நீர் உரத்தின் நைத்திரேற்றைக் கரைத்துக்கொண்டு அதே படுகைக்கு மீள்கின்றது. கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலான லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைக் கடந்தமை ஆய்வுகளாற் புலனாயிற்று. மண்ணின் ஈரமறிந்து இறைக்க உதவும் கணு, ஆகவே, குடிநீரைக் காக்கும் கருவியுமாகும். வாழையின் நீர்செறிந்த இலைகள் அலைகளை உறிஞ்ச, வந்துசேராத அளவீட்டுக்குப் பதிலாகப் பழைய அளவீட்டையே வலையமைப்புக் காட்டுமாயின், ஈர மண்ணுக்கு மேலும் நீர் இறைக்கப்படும். இத்தகைய கருவி இல்லாமையிலும் தீங்கானது.

கணினித் திரையில் மாத்திரம் நெறிமுறைகளை ஒப்பிட்டு மேன்மை கூறும் மாணவர் ஆய்வுகள் இவ்வபாயத்தைக் காண்பதில்லை. மாற்றுவழிக்கு இலங்கையிலேயே முன்மாதிரி உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் முன்வைத்த 'பஸ்நெற்' திட்டத்தில், வீதிகளின் நிலை பற்றிய தரவுகளைப் பொதுப் பேருந்துகளே திரட்டிச் சுமந்து வந்தன. இடையறாத இணைப்பை அது வேண்டவில்லை. மண்ணின் ஈரமும் நொடிக்கு நொடி மாறுவதன்று. நாளுக்குச் சிலமுறை அளந்து, சேமித்து, தோட்டத்துக்கு வருபவரின் கைக்கருவிக்குத் தரவைக் கையளிக்கும் கணு, வயலெங்கும் செய்தியைத் தாவவிடும் நெறிமுறையைத் தவிர்த்துவிடலாம். எந்த நெறிமுறையை விட்டுவிடலாம் என்ற வினாவே வளங்குன்றிய வலையமைப்பை ஆக்குவோரின் முதல் வினாவாதல் வேண்டும்.