கத்ரி கோபால்நாத்: சாக்சபோனில் ஒலித்த நாதஸ்வரம்

கத்ரி கோபால்நாத் (டிசம்பர் 6, 1949 – அக்டோபர் 11, 2019) கர்நாடக இசையை சாக்சபோனில் வாசித்த முன்னோடிக் கலைஞர். அவரை ஜாஸ் கலைஞர் என்றும், மேற்கத்தியக் கருவியை வசப்படுத்தியவர் என்றும் சொல்வது வழக்கம். முதலாவது சரியல்ல. இரண்டாவது பாதி உண்மை. சாக்சபோனில் அவர் வாசித்தது தன் வீட்டு நாதஸ்வரத்தை. அவரது சாதனையையும் எல்லையையும் அதிலிருந்தே புரிந்துகொள்ள முடியும்.

வாழ்க்கை

கோபால்நாத் கர்நாடக மாநிலம் தட்சிண கன்னட மாவட்டத்தில் பிறந்தார். தந்தை தனியப்பா நாதஸ்வரக் கலைஞர். மகனும் முதலில் நாதஸ்வரமே கற்றார். மைசூர் அரண்மனை பேண்டு இசையில் சாக்சபோனைக் கேட்டதும் அதன்மேல் ஈடுபாடு கொண்டார். மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடம் பயின்றார். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன் அவரை வளர்த்தெடுத்தார்.

1980ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் மேடையேறினார். 1994ல் லண்டனில் பிபிசி ப்ராமனேட் கச்சேரியில் வாசித்தார். அதே ஆண்டு வெளிவந்த கே. பாலசந்தரின் ‘டூயட்’ படத்தில், ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் அவர் வாசித்த சாக்சபோன் தமிழகமெங்கும் பரவியது. 2004ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கருவியும் கமகமும்

சாக்சபோனை 1840களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் உருவாக்கினார். ராணுவ பேண்டுகளில் அது முக்கிய இடம் பெற்றது. அதன் துளைகளை விரல்கள் நேரடியாக மூடுவதில்லை, விசைகள் மூடுகின்றன. ஆகவே ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் படியேறுவதுபோலச் செல்வதே அதன் இயல்பு. கமகம் அப்படிப்பட்டதல்ல. அது ஸ்வரங்களுக்கு இடையே வழுக்கியும் அசைந்தும் செல்வது.

நாதஸ்வரக்காரர் துளையைப் பாதி திறந்தும், சீவாளியில் உதட்டின் அழுத்தத்தை மாற்றியும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும் கமகத்தை உருவாக்குகிறார். சாக்சபோனில் விரலுக்குக் கிடைக்காததை கோபால்நாத் உதட்டாலும் மூச்சாலும் ஈடுசெய்தார். நீண்ட கார்வையும், அதிலிருந்து பாயும் துரித சங்கதிகளும் நாதஸ்வர மரபு அவருக்குத் தந்தவை.

ஓர் எத்தியோப்பிய ஒப்பீடு

எத்தியோப்பிய ஜாஸ் கலைஞர் கெதாச்சு மெக்குரியாவுடன் (1935–2016) கோபால்நாத்தை ஒப்பிடலாம். மெக்குரியா முதலில் க்ரார், மசின்கோ என்னும் உள்ளூர் நரம்புக் கருவிகளைக் கற்றவர். 1949ல் அடிஸ் அபாபா நகராட்சி பேண்டில் சேர்ந்தார். ‘ஷில்லெலா’ என்பது எத்தியோப்பிய வீரர்களின் போர் முழக்கப் பாடல். அந்தக் குரலை அவர் டெனர் சாக்சபோனில் கொண்டுவந்தார். முதுமையில் தி எக்ஸ் என்னும் நெதர்லாந்து இசைக்குழுவுடன் வாசித்தபோதும் அந்தக் குரலை அவர் விடவில்லை.

அரண்மனை பேண்டும் நகராட்சி பேண்டும் கொண்டுவந்த கருவியில் இருவரும் தங்கள் மண்ணின் குரலை ஏற்றினர். வேறுபாடு ஒலியில் உள்ளது. மெக்குரியா போர்க்களத்தின் கரகரப்பையும் சீற்றத்தையும் அப்படியே விட்டுவைத்தார். கோபால்நாத் மெருகேற்றினார். திறந்த வெளியை நிறைக்கும் நாதஸ்வரத்தின் வீச்சு, ஏ. கன்யாகுமரியின் வயலினுடன் ஒலிபெருக்கி முன் அமர்ந்து வாசிக்கையில் இனிமையாக மாறியது. அந்த இனிமை அவருக்குப் பெரும் ரசிகர் கூட்டத்தைத் தந்தது. சில இடங்களில் ராகத்தின் கனத்தைக் குறைக்கவும் செய்தது.

ஜாஸும் அவரும்

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் கோபால்நாத் இணைந்த ‘கின்ஸ்மென்’ (2008) இசைத்தொகுப்பு இந்தக் கலைஞரைப் புரிந்துகொள்ள உதவுவது. அதில் ஜாஸ் கலைஞரே ராகத்தை நோக்கி வருகிறார். கோபால்நாத் தன் இலக்கணத்திலிருந்து பெரிதாக நகர்வதில்லை. ஜாஸ் மேடைகளில் வாசித்த கர்நாடக இசைக் கலைஞர் என்பதே அவருக்குப் பொருத்தமான விவரணை.

மதிப்பீடு

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் கல்யாண மண்டபங்களில் இன்று இரண்டு குழல்களையும் கேட்கலாம். மாலை வரவேற்பில் மேடைமேல் சாக்சபோன். ‘டூயட்’ மெட்டு தொடங்கியதும் கைபேசிகள் உயர்கின்றன. மறுநாள் காலை முகூர்த்தத்தில் ஓர் ஓரமாக நாதஸ்வரம். கெட்டிமேளம் வரும் கணம் தவிர அதைக் கவனிப்பவர் குறைவு.

சபாக்களிலும் ஏறத்தாழ இதுவே நிலை. நாதஸ்வரம் பெரும்பாலும் தொடக்க மங்கல இசையாகவே ஒலிக்கிறது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தன் கலைக்கு உரிய மரியாதையைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. நாதஸ்வரம் கோயில் வாசலோடும் வாசிப்பவரின் சாதியோடும் சேர்த்தே பார்க்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த குழலுக்கு அந்தச் சுமை இல்லை. தந்தையின் கருவிக்கு எளிதில் கிடைக்காத இருக்கை மகனின் கருவிக்குக் கிடைத்தது.

இதை கோபால்நாத்தின் குறையாகக் கொள்ள முடியாது. கேட்பவர்களின் குறை அது. அவர் எந்த இசையை மேடைக்குக் கொண்டுசென்றாரோ அதன் மூலத்தை நாம் வாசலிலேயே நிறுத்திவிட்டோம். அவரை முறையாகக் கேட்க விரும்பும் மாணவர்கள் முதலில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்கலாம். பிறகு கோபால்நாத்தின் ஆலாபனைக்கு வந்தால், அந்தப் பித்தளைக் குழலுக்குள் இருக்கும் நாதஸ்வரத்தை அடையாளம் காண முடியும்.