முதலில் நல்லவை

புத்தளம், கற்பிட்டிக் கரையின் உப்புக்காற்று ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது. அதன் சர்க்கியூட் பலகையின் தொடுமுனைகளை அரிக்கும். உள்ளே, நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே வாசிப்புமுனை மிதக்கிறது. முனை பழுதாகித் தடம் தெரியாமல் தவித்தால் ‘டிக் டிக்’ என்று கேட்கும். உடனே மின்சாரத்தை நிறுத்துவதே முதல் வைத்தியம். திறந்து பார்க்கத் தூசியற்ற அறை வேண்டும்.

சில இடங்கள் மட்டும் கெட்ட டிஸ்க்குக்குக் கைகொடுப்பது, அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004 முதல் உருவாக்கிவரும் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள். அதன் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. தாண்டிப் போய், எளிதில் கிடைப்பதை முதலில் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடும். விட்டவற்றைக் குறித்துவைத்து, பிறகு எதிர்த்திசையிலிருந்தும் முயலும். கரண்ட் போய் வந்தாலும், அந்தக் குறிப்பை வைத்து நின்ற இடத்திலிருந்து தொடரலாம். மூலத்தில் எதையும் எழுதாமல், கோப்புகளைப் பிரதியிலிருந்தே மீட்பார்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் புத்தளம் மாவட்டத்தில்தான் குடியேறினார்கள். அப்படி வந்தபோது பழைய படங்களை இழந்த குடும்பத்துக்கு, பிறகு எடுத்த கல்யாணப் படம் ஒவ்வொன்றும் பெரிது. அதைப் பொறுமையாக மீட்டுக் கொடுப்பவரை நான் கைவினைஞர் என்றே மதிக்கிறேன். மீண்டதற்கு இன்னொரு பிரதி எடுத்து, வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள்.