போர்க்களத்தில் காலம் யார் கையில்?

ஆடுபுலி ஆட்டம் ஆடியிருப்பீர்கள். நீங்கள் ஓர் ஆட்டை நகர்த்தும் வரை 3 புலிகளும் அசையாமல் காத்திருக்கும். காட்டுப்புலி அப்படிக் காத்திருக்காது. ஆனாலும் ஆட்டத்தில் விறுவிறுப்புக்குக் குறைவில்லை.

கதைமாந்தராக நாமே மாறி ஆடும் கணிப்பொறி விளையாட்டுகளிலும் சண்டை இரு வகைப்படும். ஒன்று, மாறி மாறி முறை வைத்து ஆடுவது. மற்றொன்று, எல்லாரும் ஒரே நேரத்தில் மோதுவது. பின்னதே இயற்கையானது, ஆகவே உயர்ந்தது என்பார் உண்டு. இது சரியா? 'பால்டர்ஸ் கேட்' என்னும் விளையாட்டுத் தொடரைக் கொண்டு பார்ப்போம்.

1998-இல் வந்த முதல் விளையாட்டில் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டும்போது நிறுத்தலாம். நம் வீரன் அடிபட்டால் தானே நிற்கும்படியும் அமைக்கலாம். நம் திருப்பூரில் பனியன் துணி பின்னும் வட்ட எந்திரமும் இப்படித்தான். நூல் அறுந்ததும் நிற்கும், விளக்கு எரியும், முடிச்சுப் போட்டபின் மீண்டும் ஓடும்.

ஆனால் அந்த விளையாட்டின் ஓட்டம் முழு உண்மையன்று. மேசையில் பகடை உருட்டி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதிகளே அதன் அடிப்படை. ஒவ்வொரு வீரனுக்கும் 6 வினாடிக்கு ஒரு சுற்று உள்ளே மறைந்து நடக்கிறது. மேலும், எந்தக் கணிப்பொறியும் காலத்தைத் துண்டு துண்டாகவே கணக்கிடும். திரையில் வினாடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு துண்டு ஏறத்தாழ 17 மில்லி வினாடி. ஒளியைக் கண்டு விரலை அசைக்க நமக்கோ சுமார் 200 மில்லி வினாடி வேண்டும். அதற்குள் 12 படங்கள் கடந்துவிடும்! ஆக, இரு வகையும் முறை வைத்து ஆடுபவைதாம். துண்டின் அளவு நம் சிந்தனைக்கு எட்டுகிறதா என்பதே வேறுபாடு.

2023-இல் வந்த மூன்றாம் விளையாட்டு வெளிப்படையாகவே முறை வைத்து ஆடுவது. குறையும் உண்டு. எதிரிகள் பலர் கூடிவிட்டால், நம் முறை வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எனினும் என் வாக்கு அதற்கே.

காரணம், இந்த விளையாட்டு தமிழில் இல்லை. ஆயுதத்தின் தன்மை, மந்திரத்தின் விளைவு யாவும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் பயின்ற மாணவர் ஓடும் காலத்தில் தோற்றால், தோற்றது அவரது அறிவா, வாசிக்கும் வேகமா? முதல் விளையாட்டிலும் நிறுத்தி வாசிக்கலாமே என்பீர்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பது பழகியவருக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது. முறை வைத்து ஆடும்போதோ அகராதியைப் புரட்டிவிட்டு வந்தும் வாளை வீசலாம்.

விரைவும் ஒரு திறமைதான், ஐயமில்லை. ஆனால் விடை தெரிந்தும், வினாவை வாசித்து முடிக்கும் முன்பே தேர்வு மணி அடித்துவிட்ட மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அடுத்த முறை நீங்கள் தோற்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்: என் முடிவு தவறா, அல்லது நேரம் போதவில்லையா?