ஜன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள்

கோபுரம் பார்க்க ஊர் ஊராகப் போகிறவர்கள், அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி என்றால் மட்டும் "அதில் பார்க்க என்ன இருக்கு?" என்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. வண்டிகள் ஓயாத சாலையோரம், ஏ.சி. இல்லாமல் காற்றும் வரணும், சத்தமும் வரக்கூடாது. இதைவிடக் கஷ்டமான வேலை கட்டடக்கலையில் எது?

அடிப்படை சுருக்கமாக: காற்று நுழைய ஒரு பக்கம், வெளியேற எதிர்ப்பக்கம் திறப்பு வேண்டும். காற்று வரும் வழியில்தான் சத்தமும் வரும். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். அமைதி இரண்டு வகை: அடைத்த அமைதி, திறந்த அமைதி. தடித்த கண்ணாடி போட்டு இறுக்கிச் சாத்தினால் கிடைப்பது முதலாவது. அந்தப் பெருமை கண்ணாடிக் கடைக்காரருக்கு. ரசிக்க வேண்டியது, ஜன்னல் திறந்திருக்கும்போதே கிடைக்கும் திறந்த அமைதியை. அதிலும் இரண்டு வழி உண்டு.

ஒன்று, முதுகு காட்டுவது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ரால்ஃப் எர்ஸ்கின் வடிவமைத்த பைக்கர் சுவரைப் பாருங்கள். வடக்கே வரவிருந்த விரைவுச்சாலையை மறித்து வளைந்து நீளும் குடியிருப்பு. அந்தப் பக்கம் சமையலறை, குளியலறைகளின் குட்டி ஜன்னல்கள். தெற்கே வெயில் வாங்கும் பால்கனிகள். கட்டடமே மதிலாகி, பின்னால் உள்ள தாழ்ந்த வீடுகளையும் காக்கிறது.

ஆனால் ஹாங்காங்கில் இடமேது? சுற்றிலும் சாலை என்றால் எந்தப் பக்கம் முதுகைக் காட்டுவது? அங்கே கைகொடுப்பது இரண்டாவது வழி: சுற்றவிடுவது. சான் போ காங் பகுதியின் கிங் தை கோர்ட்டில் ஜன்னலுக்கு இரண்டு அடுக்குக் கண்ணாடி. வெளியடுக்கின் திறப்பு ஓர் ஓரத்தில், உள்ளடுக்கின் திறப்பு மறு ஓரத்தில். காற்று நடுவே வளைந்து வந்துவிடும். சத்தம் கண்ணாடியில் மோதி மோதிக் களைத்துப்போகும். இந்த வகை ஜன்னல் சத்தத்தை 8 டெசிபல் வரை குறைக்கும். சின்ன எண்ணாகத் தெரிகிறதா? சாலையில் ஓடும் ஆறு வண்டிகளில் ஐந்தை நிறுத்துவதற்குச் சமம்!

இதையெல்லாம் விட்டுவிட்டு பைக்கரின் வண்ணச் செங்கல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் விமர்சகர்களை என்ன சொல்ல? முகப்பில் கொடி படரவிட்டு 'பசுமைக் கட்டடம்' என்பது இன்னொரு மோஸ்தர். நாலு இலை லாரிச் சத்தத்தை நிறுத்தாது. படுக்கையறை எந்தப் பக்கம், ஜன்னல் எப்படித் திறக்கும் என்று கேளுங்கள், முழிப்பவர்களை நம்பாதீர்கள்.

நமக்குள் இருக்கட்டும்: எனக்கு இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும், காபி வருவதற்குள் கை ஜன்னல் கொக்கியைத் தேடுகிறது.