வீட்டுக்கா? நாட்டுக்கா?

"விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு!"

1968-இல் தமிழக அரசு தொடங்கிய பரிசுச் சீட்டுக்கு வாய்த்த விளம்பர வரி இது. எதுகையும் மோனையும் இயைந்த வரி. எழுத்தறியாத உழவன் நாவிலும் எளிதில் ஏறிய வரி. அடுக்குமொழி கேட்டு வளர்ந்த நாம் அதன் அழகை மறுப்போமா? மறுக்கவில்லை. பொருளைத்தான் ஆராய்கிறோம்.

அன்று ஆட்சியில் அண்ணா இருந்தார். நோக்கம் நல்லதே, ஐயமில்லை. எனினும், தலையெழுத்து என ஒன்றில்லை என்று மேடைதோறும் முழங்கிய இயக்கம், தாளில் எண்ணை அச்சிட்டு 'அதிர்ஷ்டம்' என விற்கலாமா? 1975-இல் கலைஞர் அதை நிறுத்தினார். பின்னர் அது மீண்டும் நுழைந்தது. 2003 சனவரியில் ஜெயலலிதா அரசு அனைத்துப் பரிசுச் சீட்டுகளையும் தடை செய்தது. (மாற்றார் செய்தாலும் நற்செயல் நற்செயலே!)

வரியின் பெருங்குறை வேறு. அதில் வீடு உண்டு, நாடு உண்டு. இடையில் நிற்கும் முகவர் இல்லை! சிக்கிம் அரசின் சீட்டுகளை விற்ற சாந்தியாகோ மார்ட்டின் குழுமத்தார், 2009 ஏப்ரல் முதல் 2010 ஆகஸ்டு வரை, பரிசு விழுந்த சீட்டுகளின் கணக்கைப் பெருக்கிக் காட்டி, அவ்வரசுக்கு 910 கோடி ரூபாய் இழப்பு உண்டாக்கினர் என்கிறது அமலாக்கத் துறை. குற்றச்சாட்டுதான், தீர்ப்பன்று. ஆனால் அது மெய்யாயின் என்ன பொருள்? விழாத சீட்டும் விழுந்ததாகிவிட்டது. பணமோ வீட்டுக்கும் போகவில்லை, நாட்டுக்கும் போகவில்லை.

எங்கே போயிற்று என்று கேட்பதற்குள் இன்னொரு ஏடு திறந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தைச் செல்லாதென்றது. பின்னர் வெளிவந்த பட்டியலில் முதலிடம் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனத்துக்கு: 1,368 கோடி ரூபாய்! அதில் தி.மு.க. பெற்றது 509 கோடி.

கொடுத்தவர் பெயரைக் கழகமே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்தது. வாய் திறவாத கட்சிகள் பல. அந்த நேர்மையைப் போற்றுகிறோம். பணத்தைப் போற்ற இயலவில்லை, தோழர்களே! திரிணாமூல் அதனினும் மிகுதியாகப் பெற்றது, பா.ச.க.வும் 100 கோடி பெற்றது என்பர். அவர்கள் வாங்கினார்கள் என்பது நமக்கு விடையாகுமா? தமிழ் மண்ணில் விற்கக் கூடாதென விலக்கப்பட்ட சீட்டின் காசு, தமிழர் கழகத்தின் பெட்டிக்குள் மட்டும் வரலாமா?

கீரனூரில் மாலைதோறும் கூடிப் பேசும் நாம் சிலர் இதையே கேட்கிறோம். அந்த 509 கோடி எதற்குச் செலவாயிற்று என்ற கணக்கை எதிர்க்கட்சி கேட்கட்டும் என்று காத்திருக்க மாட்டோம்.