அடைக்கலமும் உறுதியும்: ஒல்லாந்தர் காலக் கத்தோலிக்கத் தமிழிலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

சமய உறுதியைப் போற்றும் இலக்கியங்களை மதிப்பிடுவோர், அவை எத்தகைய அதிகார நிலையிலே தோன்றின என்ற வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஈழத்துக் கத்தோலிக்கத் தமிழிலக்கியம் இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற களமாகும். போர்த்துக்கேயர் ஆட்சியிலே அரசின் ஆதரவு பெற்றிருந்த அச்சமயம், ஒல்லாந்தர் ஆட்சியிலே தடைசெய்யப்பட்ட சமயமாயிற்று. இவ்விரு காலத்து ஆக்கங்களையும் கல்முனைக் கரையோரத்தின் வரலாற்றோடு சேர்த்து நோக்குமிடத்து, அவற்றின் சிறப்பும் குறையும் ஒருங்கே புலப்படுகின்றன.

யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. தெல்லிப்பழைப் பேதுருப் புலவரின் சந்தியோகுமையோர் அம்மானை 1647இல் எழுந்தது. நாட்டார் வழக்கிலே வேரூன்றியிருந்த அம்மானை வடிவத்தைப் புதிய சமயப் பொருளுக்கு ஏற்றமை புலவரின் சாதனை. ஆயினும் அந்நூலின் நாயகரான யாகப்பர், ஐபீரிய மரபிலே குதிரைமேல் வந்து சோனகரோடு பொருதும் வீரராகவும் போற்றப்பட்டவர் என்பது மனங்கொளத்தக்கது. வெற்றிபெற்ற அரசொன்று துணைநிற்கும்போது விசுவாசம் வீரமாகவே தோற்றந்தருகிறது. அங்கே உறுதி இன்னும் சோதிக்கப்படவில்லை.

சோதனை 1658இல் வந்தது. குருமாருக்கு இடமளிப்போர்க்கு மரண தண்டனை என ஒல்லாந்தர் அவ்வாண்டிலே கட்டளை பிறப்பித்தனர். 1689 நத்தார் இரவு யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடிய கத்தோலிக்கர் சிறைப்பிடிக்கப்பட்டனர். கசையடிபட்டு இறந்தவரும் சிறையிலே மடிந்தவரும் அவர்களுள் இருந்தனர். எனினும் எல்லோரும் இவ்வழியே சென்றவரல்லர். பிறப்பும் திருமணமும் சீர்திருத்தத் திருச்சபையின் தோம்பிலே பதியப்பட்டாலன்றிச் சொத்துரிமையும் பதவியும் கிட்டா என்ற நிலையிலே, வெளியே அத்திருச்சபையினராகவும் வீட்டினுள்ளே கத்தோலிக்கராகவும் வாழ்ந்தோர் பலர். உறுதியின் வரலாற்றை எழுதுவோர் இவர்களைக் கோழைகளென ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. சமயம் அடுத்த தலைமுறையைச் சென்றடைந்ததில் இவர்களின் மௌனத்துக்கும் பங்குண்டு.

இம்மக்களுக்கு வேண்டியிருந்த இலக்கியத்தை ஆக்கியவர் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள். கோவாவிலே பிறந்து, 1705இல் இலங்கை வந்து, 1742இல் மறையும்வரை தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதினார். தேவ அருள்வேத புராணம், சுவிசேஷ விரித்துரை முதலிய அவருடைய நூல்களுள் மக்கள் வாழ்விலே மிக ஆழமாகப் பதிந்தது வியாகுலப் பிரசங்கம் எனலாம். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் இந்நூல் தவக்காலத்திலே இராகத்தோடு வாசிக்கப்பட்டது. ஒல்லாந்தரின் கொழும்பு அச்சகம் 1737இல் முதல் நூலை வெளியிட்டபோதும், கத்தோலிக்க நூல்கள் ஏட்டிலே பிரதிசெய்யப்பட்டே பரவின. குருவானவர் வர இயலாத ஊர்களிலே மூப்பரும் அண்ணாவியாரும் வழிபாட்டை நடத்தினர். எனவே குருவின்றியும் கோயிலின்றியும், கூடியிருப்போர் நடுவே வாசிக்கத்தக்க நூலே அன்று பயன்படும் நூலாயிற்று. இரவிலே பிடிக்கப்பட்டுக் கசையால் அடிக்கப்பட்ட ஒருவரின் கதையைக் கேட்டவர்கள், அதிலே தம் உறவினரின் கதையையும் கேட்டிருப்பர். வெற்றி வீரருக்குப் பதிலாகத் துன்புறுபவர் நடுவிடம் பெற்றார்; ஒப்பாரியின் தொனி உரைநடையினுள்ளே புகுந்தது. அதிகாரத்தை இழந்த பின்னரே இவ்விலக்கியம் மனித ஆழத்தை எய்தியது என்பது இங்கே துணியப்படும்.

இவ்வாழம் அவருடைய எல்லா நூல்களிலும் இல்லை. பிற சமயங்களை மறுக்கும் கண்டன நூல்களையும் கொன்சால்வேஸ் எழுதினார். அவற்றின் தருக்கத் திறம் எத்தகையதாயினும், அவை எழுந்த சூழலுக்கும் அவற்றின் நோக்குக்கும் இடையே ஒரு முரண் உண்டு. அவருக்கு முன்னோடியான யோசப் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்தவர். 1692இல் கண்டியை அடைந்தபோது ஒற்றரெனச் சிறைவைக்கப்பட்டார். பின்னர் அவ்வரசனின் ஆதரவையே பெற்றார். 1697இல் வைசூரி பரவியபோது சமயபேதமின்றி நோயாளரைப் பேணினார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருக்குப் புகலளித்த இரண்டாம் விமலதர்மசூரியனும், கொன்சால்வேசை ஆதரித்த நரேந்திரசிங்கனும் பௌத்த மன்னர்கள். தருக்கத்திலே வெல்லப்படவேண்டிய எதிரியாகப் பிற சமயத்தவரைக் காண்பது கண்டன நூலின் இயல்பு. அவர் அளித்த அடைக்கலத்தைச் சொல்வதற்கு அவ்வடிவத்திலே இடமில்லை.

அவ்விடைவெளியை நிரப்பக் கிழக்குக் கரையோரத்தின் வரலாறு துணைபுரிகிறது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியமர்த்தினான் என்பதைப் பதிந்துவைத்தவர் போர்த்துக்கேயத் துறவியான குவைறோஸ் என்பவரே. அப்பகுதியிலே முன்னரே வாழ்ந்த முஸ்லிம்களோடு அவர்களும் சேர்ந்தனர். செனரத்தின் பேரனே விமலதர்மசூரியன். கத்தோலிக்க அரசு துரத்திய முஸ்லிம்களுக்குப் பாட்டன் புகலளித்தான். சீர்திருத்தக் கிறிஸ்தவ அரசு துரத்திய கத்தோலிக்கருக்குப் பேரன் புகலளித்தான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்னும் ஊர்களையும் அவற்றை அடுத்த தமிழ்க் கிராமங்களையும் இவ்வரலாற்றோடு இணைத்தே நோக்க வேண்டும். சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயம் நிற்பதும் இச்சூழலிலேயே.

அண்மைக்கால இடர்களும் இதனையே உணர்த்துகின்றன. 1990 ஜூலையிலே சொறிக்கல்முனைப் பங்குத்தந்தை செல்வராஜா அடிகள் காணாமற்போனார். அடுத்த மாதம் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் தாக்கப்பட்டது. ஐந்து நாளின் பின் சாய்ந்தமருதிலே அக்குழுவினர் மறைந்திருந்த வீட்டைப் பற்றித் தகவலளித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. தாக்கியோரின் உடல்களைப் பள்ளிவாசல்களில் ஏற்க அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா மறுத்தது. அவர்களும் தம் விசுவாசத்திலே உறுதியாய் நின்றோரே. அவ்வுறுதி அயலவருக்கும் காவலாயிற்று.

ஆகவே இவ்விலக்கியத்தை மீள வாசிப்போர், வியாகுலப் பிரசங்கத்தைக் கண்டன நூல்களினின்று பிரித்தறிந்து மதிப்பிடல் வேண்டும். முன்னது துன்பத்தின் மொழியை அறிந்தது. அம்மொழி எச்சமயத்தாருக்கும் விளங்கக்கூடியது. பின்னவை தம் ஆசிரியருக்கு நிழல் தந்த மரத்தையே காணத் தவறின. இடர்க்காலத்து விசுவாசத்தைப் பாடும் ஈழத்து எழுத்து இனி எழுதவேண்டிய பகுதி அந்த நிழல் பற்றியதாகும்.